இலவச முன்னறிவிப்பா, சந்தா சேவையா, சொந்த வானிலைப் பிரிவா?

2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையை நோக்கி வந்தது. நியூயார்க் போக்குவரத்து ஆணையத்துக்கும், ஆற்றுக்கு அக்கரையில் ரயில் ஓட்டும் நியூஜெர்சி டிரான்சிட் நிர்வாகத்துக்கும் அது பல நாள் முன்னதாகவே தெரியும். புயல் கரையைத் தொடுவதற்கு முந்தைய மாலையே நியூயார்க்கில் சுரங்க ரயிலை நிறுத்தினார்கள். தாழ்வான யார்டுகளில் நின்ற வண்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கங்களில் கடல் நீர் புகுந்தது, ஆனால் வண்டிகளில் பெரும்பாலானவை தப்பின. நியூஜெர்சியிலோ கியர்னி, ஹோபோகன் யார்டுகளில் நிறைய வண்டிகள் அப்படியே நின்றன. இன்ஜின்களும் பெட்டிகளுமாக 300க்கும் மேல் வெள்ளத்தில் சேதமடைந்தன. அந்த இடம் அதுவரை மூழ்கியதில்லை என்பது நிர்வாகம் பின்னர் சொன்ன விளக்கம்.

எந்த வானிலைச் சேவையைத் தேர்வது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும். இரண்டு நிர்வாகங்களையும் பிரித்தது முன்னறிவிப்பின் தரம் இல்லை. எந்த அளவு எச்சரிக்கை வந்தால் யார் எதைச் செய்வது என்பதில்தான் வித்தியாசம். கீழே ஒப்பிடும் மூன்று வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்தே அளக்கிறேன்.

அரசு மையங்கள் தரும் முன்னறிவிப்பு

வானிலை முன்னறிவிப்பே தொழில் தேவைக்காகப் பிறந்ததுதான். 1854இல் பிரிட்டனில் ஃபிட்ஸ்ராய் தலைமையில் வானிலை அலுவலகம் தொடங்கியது கப்பல்களுக்காக. 1861இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார்கள். இன்று ரேடார், செயற்கைக்கோள், வானிலை பலூன் என்று அளவீட்டுச் செலவில் பெரும்பகுதியை அரசுகள்தான் சுமக்கின்றன. வானிலையைக் கணினியில் கணிக்கும் அமெரிக்க அரசின் ஜிஎஃப்எஸ் மாடல் நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. 16 நாள் வரைக்குமான அதன் கணிப்பை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 1975இல் உருவான ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையமும் தன் தரவை 2022 முதல் படிப்படியாகத் திறந்துவிட்டு வருகிறது.

இதன் பெரிய பலம் எல்லோருக்கும் ஒரே குரலில் பேசுவது. மருத்துவமனை, தீயணைப்புத் துறை, பேருந்துக் கழகம், பள்ளிகள் எல்லாம் ஒரே எச்சரிக்கை நிறத்தைப் பார்த்து நடக்கும்போதுதான் ஒரு ஊர் சேர்ந்து இயங்க முடியும். உயிர் சம்பந்தப்பட்ட முடிவுகளுக்கு அதிகாரபூர்வ எச்சரிக்கையை விட்டுவிட்டு வேறொன்றை நம்பக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறை என்னவென்றால், அது பரந்த பகுதிக்கானது. மாவட்டம் முழுவதற்கும் பலத்த காற்று என்று சொல்லும். உங்கள் கிரேனை எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாது. விமானப் போக்குவரத்து மட்டும் இதில் விதிவிலக்கு. பெரிய விமான நிலையங்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தனித்தனி முன்னறிவிப்பு வருகிறது. காற்றின் திசை, பார்வைத் தூரம், மேக உயரம் என விமானிக்குத் தேவையானவை மட்டும் அதில் இருக்கும். துறையும் வானிலை மையமும் உட்கார்ந்து பேசினால் பொதுச் சேவையும் இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும். மற்ற துறைகள் இதைக் கேட்டு வாங்காமல் இருப்பது பெரிய இழப்பு.

சந்தா கட்டி வாங்கும் சேவை

தனியார் நிறுவனங்கள் விற்பது பெரும்பாலும் வேறொரு வானத்தைப் பற்றிய ரகசியத் தகவல் இல்லை. அடித்தளத்தில் இருப்பவை பல நேரம் அதே அரசு மாடல்கள்தான். அவற்றை உள்ளூர் அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். அப்புறம் வாடிக்கையாளரின் மொழிக்கு மாற்றித் தருகிறார்கள். அந்த இரண்டாவது வேலைக்குத்தான் உண்மையான மதிப்பு. 'காற்று வலுக்கும்' என்பதற்குப் பதிலாக 'மதியம் இரண்டு மணிக்குள் மேல்தளப் பணியை முடியுங்கள்' என்று வந்தால் அதை வைத்து மேற்பார்வையாளர் உடனே வேலையைத் திட்டமிடலாம்.

காற்றாலைத் துறையில் இதற்குக் காசு கொடுப்பது நியாயம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. காற்றில் இருக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. வேகக் கணிப்பில் 10 சதவீதம் கூடிப்போனால் மின் உற்பத்திக் கணிப்பு சுமார் 33 சதவீதம் கூடிவிடும். அதோடு, பல காற்றாலைகள் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் தானாக நின்றுவிடும். காற்று கூடக்கூட உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போதே திடீரென்று சுழியமாகலாம். அந்த ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே அறிவதில்தான் மின் கட்டமைப்பின் நிலைத்தன்மை இருக்கிறது. கப்பல் பாதை வகுப்பதும் இதே ரகம்: எரிபொருள், சரக்கு, மாலுமிகளின் உயிர் மூன்றும் ஒரே முடிவில் அடங்கியிருக்கின்றன.

ஆனால் விற்பனையாளர் காட்டும் வரைபடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கிலோமீட்டர் கட்டம், 15 நிமிட இடைவெளி என்று திரையில் வருவதாலேயே அது அவ்வளவு துல்லியமாகிவிடாது. நாளை மாலை இடி மேகம் எந்தத் தெருவில் எழும் என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது. 'எங்கள் கணிப்பு பெரும்பாலும் சரி' என்ற பேச்சும் பயன்படாது. அபூர்வமாக மழை பெய்யும் ஊரில் தினமும் 'மழை இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தாலே பெரும்பாலான நாள் சரியாகிவிடும்.

கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் வேலை நிற்கும் எல்லையைத் தாண்டிய நாட்களில் எத்தனையை முன்பே சொன்னார்கள், எத்தனை முறை வீணாக எச்சரித்தார்கள், இலவச முன்னறிவிப்பு அதே நாட்களில் என்ன சொன்னது? ஒரு பருவம் முழுக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துவைத்துப் பார்க்காமல் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. இதற்குத் தயங்கும் நிறுவனத்தை நான் அத்தோடு ஒதுக்கிவிடுவேன்.

ஒற்றை எண்ணா, நிகழ்தகவா?

யாரிடம் வாங்கினாலும் இந்தக் கேள்வி வரும். நிர்வாகிகள் கேட்பது பெரும்பாலும் 'சரி, மழை வருமா வராதா, ஒரே பதில் சொல்லுங்கள்' என்பதுதான். விஞ்ஞானம் வேறு வகையில் பதில் சொல்கிறது. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவார்கள். ஐரோப்பிய மையம் 1992 முதல் இப்படிச் செய்கிறது. இன்று ஒவ்வொரு முறையும் 51 ஓட்டங்கள். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும், சிதறினால் குறையும். ஒற்றை எண்ணைக் கேட்பவருக்கு இந்தத் தகவல் மொத்தமும் கிடைக்காமல் போகிறது.

இதைப் பயன்படுத்தக் கடினமான கணிதம் தேவையில்லை. முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவை, அது இல்லாவிட்டால் வரும் நஷ்டத்தால் வகுங்கள். நிகழ்தகவு அந்த விகிதத்தைத் தாண்டினால் செயல்படுங்கள். பனி உறையும் சாலையில் உப்புத் தூவ ஒரு பங்கு செலவு, தூவாமல் விபத்து நடந்தால் இருபது பங்கு நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வாய்ப்பு இருந்தாலே லாரி கிளம்ப வேண்டும். கான்கிரீட் போடுவதைத் தள்ளிவைக்க ஒரு பங்கு, நனைந்தால் இரண்டு பங்கு என்றால் 50 சதவீதம் வரை காத்திருக்கலாம். ஒரே நாளில் 30 சதவீதம் என்ற ஒரே கணிப்பைப் பார்த்து ஒருவர் செயல்படுவதும் இன்னொருவர் சும்மா இருப்பதும் இரண்டுமே சரியான முடிவுகள்.

இதில் நிகழ்தகவு பக்கம்தான் நான். ஆனால் களத்தில் நிற்கும் ஓட்டுநரிடமும் மேஸ்திரியிடமும் சதவீதத்தைக் கொடுக்காதீர்கள். எல்லையை நிதானமான ஒரு நாளில் நிர்வாகம் எழுதி வைக்க வேண்டும். அது தாண்டப்பட்டால் களத்துக்கு 'செய்' என்ற கட்டளை மட்டும் போக வேண்டும். 2020 ஜூலையில் வங்கதேச வெள்ளம் உச்சத்தை எட்டும் முன்பே ஐ.நா. அவசர நிதியிலிருந்து பணம் விடுவிக்கப்பட்டது. எந்த அளவு எச்சரிக்கை வந்தால் பணம் எந்த வழியில் போகும் என்பது முன்பே எழுதப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது.

சொந்த வானிலைப் பிரிவு

யுபிஎஸ், ஃபெடெக்ஸ் போன்ற சரக்கு விமான நிறுவனங்கள் தங்களுக்கென்று வானிலையாளர்களை வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவின் சான் டியாகோ மின் நிறுவனம் 2007 காட்டுத்தீக்குப் பிறகு 200க்கும் மேற்பட்ட வானிலை நிலையங்களைத் தன் கம்பித்தடங்களை ஒட்டி நிறுவியது. கம்பிகளால் தீப்பிடிக்காதபடி, காற்று மிகும் மலைச்சரிவில் மட்டும் மின்சாரத்தைத் துண்டித்து மற்ற இடங்களில் விட்டுவைக்க இது உதவுகிறது. மின்வெட்டு நோயாளிகளையும் முதியோரையும் எவ்வளவு வதைக்கும் என்று நினைத்தால் அந்தத் துல்லியத்தின் அருமை புரியும்.

எல்லோருக்கும் இது கட்டுப்படியாகாது. இரவு பகல் ஷிப்டுக்கு ஆள் வேண்டும், கருவிகளைத் தொடர்ந்து சரிபார்க்க வேண்டும். இலை அடைத்த மழைமானி தவறான எண்ணைத்தான் தரும். ஆனால் பாதி வழி ஒன்று உண்டு: முன்னறிவிப்பு அரசுடையது, அளவீடு மட்டும் சொந்தம். தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதை அருகில் சில மழைமானிகள், கூடவே பொது ரேடார் படம். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நகராட்சிக்கு இதுவே பெரும் உதவி.

செயற்கை நுண்ணறிவு இந்த ஒப்பீட்டை மாற்றிவிட்டதா? வேகத்தில் ஆமாம். 2023இல் வெளியான கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் மாடல் பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய மையமே தன் செயற்கை நுண்ணறிவு மாடலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இவை கற்றுக்கொண்ட பழைய வானிலைப் பதிவு இயற்பியல் மாடல்களின் துணையோடு உருவானது. புயலின் பாதையை நன்றாகச் சொல்லும் இந்த மாடல்கள் அதன் உக்கிரத்தைக் குறைத்துக் காட்டும் போக்கும் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விற்கிறார்கள் என்பதற்காக மட்டும் சேவையை மாற்ற வேண்டாம்.

என் தேர்வு இதுதான். சிறு நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் அரசு முன்னறிவிப்பே போதும். நகராட்சி, மருத்துவமனை, போக்குவரத்துக் கழகங்களுக்கு அதோடு சொந்த அளவீடும் எழுதி வைத்த எல்லைகளும் வேண்டும். மணிக்கு மணி வானிலையால் உற்பத்தியோ சரக்கோ மாறும் காற்றாலை, கப்பல், பெரிய கட்டுமான நிறுவனங்கள் சந்தா கட்டலாம், ஒரு பருவச் சோதனைக்குப் பிறகு. சொந்தப் பிரிவு, தன் முடிவால் பிறர் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய மிகப் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்.