"செவ்வாய்க்கிழமை ரேட் விழும்"னு சொல்லி 52,000 ரூபாயைச் சுருட்டிட்டான்: சிங்கப்பூர் டிக்கெட் போடறவங்க கவனத்துக்கு

இப்பதான் ஏர்லைன்ஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அப்பா அம்மா பேர்ல டிக்கெட்டே இல்லையாம். 52,000 ரூபாய் போச்சு. சென்னையிலேர்ந்து சிங்கப்பூருக்கு யாராவது ஏஜென்ட் மூலமா டிக்கெட் போடப்போறீங்கன்னா, இதைப் படிச்சுட்டுப் போங்க.

தங்கச்சிக்கு அங்க ஜனவரி நடுவுல பிரசவம். புத்தாண்டு முடிஞ்ச கையோட அப்பாவும் அம்மாவும் கிளம்பணும். அக்டோபர்லயே எங்க ஏரியாவுல இருக்கற ஒரு டிராவல்ஸுக்குப் போனோம். போர்டு, கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் இருக்கற கடைதான். புகார் கொடுக்கப் போறதால பேரைப் போடலை.

ரெண்டு பேருக்கும் போக வர அன்னிக்கு 58,000 காட்டுச்சு. உடனே போட்டுடுங்கன்னு சொன்னேன். "அவசரப்படாதீங்க மேடம், செவ்வாய்க்கிழமை ராத்திரி ரேட் விழும். 52,000 கட்டிட்டுப் போங்க, விழுந்ததும் நானே அடிச்சிடறேன். அதுவரைக்கும் சீட்டைப் பிடிச்சு வெச்சிருப்பேன்"னான் அங்க இருந்த ஏஜென்ட்.

அப்பா தயங்கினார். அதைப் பார்த்ததும் ஒரு பேப்பரைப் பிரிண்ட் எடுத்து அவர் கையில கொடுத்தான். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே ரெண்டு பேர் பேரும், விமான எண், தேதி, ஆறு எழுத்து பிஎன்ஆர்ங்கற புக்கிங் நம்பர், பக்கத்துல 'கன்ஃபர்ம்டு'. ஏர்லைன்ஸ் வெப்சைட்லயே அந்த பிஎன்ஆரைப் போட்டுக் காட்டினான். பேர் வந்துச்சு. அம்மாவுக்கு முட்டி வலி, ஏர்போர்ட்ல நடக்கணுமேங்கறதுதான் அவங்க கவலையே. "வீல்சேருக்கும் சொல்லிட்டேன்மா, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னான் பாருங்க, அம்மா முகமே மாறிடுச்சு. அங்க உட்கார்ந்தே ஜிபேல 52,000 அனுப்பினேன்.

அந்தப் பேப்பர் டிக்கெட்டே இல்லை. ஏர்லைன்ஸுக்கு ஒரு பைசா கட்டாமலே ஏஜென்ட்டால கொஞ்ச காலம் சீட்டைப் பிடிச்சு வைக்க முடியும். கெடுவுக்குள்ள டிக்கெட் போடலைன்னா அது தானாவே கேன்சல் ஆயிடும். அந்தக் கெடு இருக்கற வரியை எடுத்துட்டுத்தான் எங்களுக்குப் பிரிண்ட் கொடுத்திருக்கான்.

செவ்வாய் போச்சு. "இந்த வாரம் விழலை மேடம், அடுத்த வாரம்." அப்புறம் "சர்வர் டவுன்." அப்புறம் "போட்டாச்சு, மெயில் வரும்." அதுக்கப்புறம் போனையே எடுக்கறதில்லை. நேர்ல போனா "ஓனர் வெளியூர் போயிருக்கார், எங்களுக்கு எதுவும் தெரியாது"ன்னு ஒரு சின்னப் பொண்ணை உட்கார வெச்சுப் பதில் சொல்ல விடறான். பணத்தைத் திருப்பிக் கொடுன்னா "ஏர்லைன்ஸ்லேர்ந்து ரீஃபண்ட் வரணும்"ங்கறான். எங்ககிட்ட பணமே வரலையேன்னு ஏர்லைன்ஸ்ல சொல்றாங்க! அப்ப எங்க 52,000 எங்க போச்சு?

இன்னிக்கு அதே தேதிக்கு ரெண்டு பேருக்கும் லட்சத்தைத் தாண்டுது. புத்தாண்டு முடிஞ்ச அந்த வாரப் பயணத்துக்கு ரேட் குறைய வழியே இல்லைன்னு டிக்கெட் விக்கற அவனுக்குத் தெரியாதா? சிங்கப்பூர்ல பள்ளிக்கூடம் ஜனவரி தொடக்கத்துல திறக்குது. டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வந்த குடும்பங்கள் மொத்தமும் அப்பத்தான் திரும்பும். ஒரே விமானத்துல ஒரே மாதிரி சீட்டைப் பல விலையில வெச்சிருப்பாங்க. குறைஞ்ச விலை சீட்டு தீரத் தீர அடுத்த விலைக்கு ஏறும். இதுல செவ்வாய் ராத்திரிக்குன்னு ஒரு மந்திரமும் கிடையாது. லீவு, பண்டிகை நேரத்துப் பயணம்னா கையில தேதி இருக்கும்போதே வாங்கிடுங்க.

எப்ப வாங்கலாம், எந்த மாசம் குறைவுன்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல ஓட மாட்டேங்குது. இதை மட்டும் பாருங்க. பெரிய ஏர்லைன்ஸ்னா 13 இலக்க டிக்கெட் நம்பர் வேணும், பிஎன்ஆர் மட்டும் போதாது. பணம் கட்டின அன்னிக்கே ஏர்லைன்ஸுக்கு நீங்களே போன் பண்ணி "டிக்கெட் இஷ்யூ ஆயிடுச்சா"ன்னு கேளுங்க. ரேட் விழட்டும்னு எவன்கிட்டயும் முன்பணம் கொடுக்காதீங்க. தனி ஆள் ஜிபேக்கு அனுப்பாதீங்க, பில் கேளுங்க. மாட்டிக்கிட்டா நுகர்வோர் உதவி எண் 1915, ஆன்லைன் பண மோசடின்னா 1930. நான் 1915ல பதிஞ்சாச்சு, அடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவன் கொடுத்த பேப்பர் எதையும் அழிச்சுடாதீங்க, அதைத்தான் முதல்ல கேக்கறாங்க.