பிரேக் மாற்றித் தருகிறேன் என்று 4,800 வெள்ளி வாங்கிவிட்டார்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

4,800 வெள்ளி. சிங்கப்பூரில் என் 1964 மோரிஸ் மைனர் காருக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக், கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் சர்வோ, பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இரட்டைச் சுற்றில், பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் வேறொன்று, எல்லாம் சேர்த்து என்று சொல்லி வாங்கிய பணம். அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்பது இன்று காலைதான் முழுதாகத் தெரிந்தது. ஆத்திரம் அடங்கும்வரை காத்திருக்க முடியவில்லை. பணம் வாங்கிய பட்டறைக்காரர் அதே விளம்பரத்தை இன்றும் போட்டிருக்கிறார். குறைந்த செலவில் இந்த வேலையை எப்படிச் செய்துகொள்வது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மைனரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பிரேக் எண்ணெய் ஓடுவது ஒரே சுற்றில். எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. அன்றைய சாலைக்கு அது போதுமாக இருந்திருக்கும். இன்று பிஐஇ விரைவுச்சாலையில் முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால் நம் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் வயிற்றைக் கலக்கும். பின் ஆக்சிலின் விகிதம் 4.22, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற என்ஜின் பக்கத்திலிருந்து வரும் ஷாஃப்ட் 4.22 முறை சுற்ற வேண்டும். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போதே என்ஜின் அலறும். எம்ஜி மிட்ஜெட் காரில் வந்த 3.9 டிஃபரன்ஷியல் மைனரின் ஆக்சிலுக்குள் பொருந்தும், அதைப் போட்டால் அதே வேகத்தில் என்ஜின் சுற்று கிட்டத்தட்ட 8 சதவீதம் குறையும். பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டி என்பதால் ஆண்டுக்கு 45 நாள்தான் வெளியே எடுக்க முடியும். அந்த 45 நாளாவது பயமில்லாமல் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இங்கிலாந்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாக வரவழைத்தால் கப்பல் கூலி, 9 சதவீத ஜிஎஸ்டி, அப்புறம் வேலைக் கூலி என்று என் கைக்கு எட்டாத தொகை வந்தது.

அப்போதுதான் பழைய பொருள் வாங்கி விற்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் இந்த விளம்பரத்தைப் பார்த்தேன். தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் சின்னப் பட்டறை. பேசியவர் நம்ம ஆள். "வாங்கண்ணே, மைனரா? எடுத்துட்டு வாங்க" என்றார்.

நம்பிக்கை எங்கே வந்தது என்று இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் பானெட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை. நேராக ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தரை விரிப்பைச் சுருட்டி, கால் வைக்கும் இடத்தை முட்டியால் தட்டினார். "மாஸ்டர் சிலிண்டரை இங்கதானே ஒளிச்சு வெச்சிருக்கான் வெள்ளைக்காரன். இதைக் கழற்றத் தெரியாமத்தான் பாதிப் பேர் ஓடிடுவான் அண்ணே" என்றார். உண்மைதான். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், வண்டியின் இரும்பு அடிச்சட்டத்துக்குள் இருக்கிறது. தெரியாதவர்கள் பானெட்டுக்குள் தேடுவார்கள். இவருக்குத் தெரிந்திருந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து இரண்டு பளபளக்கும் டிஸ்க்குகளையும் ஒரு சர்வோவையும் எடுத்துக் காட்டினார். "இது உங்க வண்டிக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்." வேலை தெரிந்தவர், பொருளும் கையில் இருக்கிறது. பேநௌ வங்கிப் பணப் பரிமாற்றத்தில் 3,000 வெள்ளி முன்பணம் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு கதை. பொருள் ஜோகூரில் மாட்டிக்கொண்டது. வெல்டிங் பையனுக்குக் காய்ச்சல். டிஃபரன்ஷியல் வந்துவிட்டது, பேரிங் வரவில்லை. வண்டியைப் பார்க்க வருகிறேன் என்றால், "மேல தூக்கி வெச்சிருக்கு அண்ணே, இப்ப வந்தா ஒண்ணும் தெரியாது." கடைசியில் வண்டி தயார் என்று அழைப்பு வந்தது. மீதி 1,800 வெள்ளியைக் கொடுத்தால்தான் சாவி. கொடுத்தேன். ரசீதில் "பிரேக், ஆக்சில் வேலை" என்று ஒரே வரி. பட்டறையைச் சுற்றி ஓட்டியபோது பிரேக் பிடித்தது. முன் சக்கரத்துக்குள் டிஸ்க் தெரிந்தது. ஆக்சில் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் மின்னியது.

அந்த வாரக் கடைசியில் மனைவியை அழைத்துக்கொண்டு மவுண்ட் ஃபேபர் குன்றுக்குப் போனோம். இறங்கும்போது முதலில் கருகல் வாடை. மனைவி, "என்னங்க, ஏதோ தீயுற மாதிரி இருக்கே" என்றாள். அடுத்த வளைவில் மிதியை அழுத்தினேன், பாதிக்கு மேல் உள்ளே போனது. மறுபடி அழுத்தினேன், தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, அதுவும் வழுக்க, ஓரத்தில் உரசி நிறுத்தினேன். எதிரே ஒரு பேருந்து வந்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் மனைவியும் இருந்திருக்க மாட்டாள்.

அவரை அழைத்தேன். "புது பேடு அண்ணே, பழகணும். நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." பிரேக்கே இல்லாமல் எப்படி நூறு கிலோமீட்டர் ஓட்டுவது? மறுநாள், "நீங்க பிரேக்லயே கால வெச்சு ஓட்டியிருப்பீங்க." அதற்கு அடுத்து, "பாஸ்கிட்ட கேட்டுச் சொல்றேன்." பட்டறைக்கு பாஸ் என்று ஒருவர் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார். விளம்பரம் வந்த தளத்தில் புகார் செய்தேன். பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, ஆகவே தலையிட முடியாது என்று பதில் வந்தது.

இன்று காலை வேறொரு பட்டறைக்கு வண்டியை இழுத்துப் போனேன். பழைய வண்டிகளையே பார்த்து வளர்ந்த ஒரு சீன அங்கிள். முன் சக்கரங்களைக் கழற்றினார். டிஸ்க் புதிது. பேடை அழுத்தி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் ஏதோ உடைப்புக்குப் போன பழைய வண்டியில் கழற்றியது, பிஸ்டன் முழுக்கத் துருக்குழி. தரைக்கு அடியில் இருந்தது என்னுடைய அதே பழைய மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்றுதான். சர்வோ இல்லவே இல்லை. டிரம் பிரேக்குக்காகக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்க மாஸ்டர் சிலிண்டரில் ஒரு வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு மாறும்போது அதை எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சூடு ஏறி, ஈரம் குடித்துக் கறுத்துப்போன பழைய எண்ணெய் கொதித்து, மிதி தரைக்குப் போயிருக்கிறது.

ஆக்சில் கதை இன்னும் மோசம். அங்கிள் பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினார், மற்றது தரையில். கியர் நியூட்ரல். என்ஜின் பக்கத்திலிருந்து ஆக்சிலுக்கு வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொன்னார். மற்ற சக்கரம் நிற்பதால் இந்த இரண்டு சுற்று, இரு சக்கரமும் ஒரு சுற்று சுற்றியதற்குச் சமம். 3.9 டிஃபரன்ஷியலாக இருந்தால் ஷாஃப்ட்டின் கோடு நான்காவது சுற்று முடிவதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். கோடு நான்கைத் தாண்டி இன்னொரு கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் போய் நின்றது. அதே 4.22. என் ஆக்சிலுக்கே பெயின்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறார். இடப்பக்க டிரம்மைக் கழற்றினால் ஆக்சில் எண்ணெய் கசிந்து பிரேக் ஷூ நனைந்து கிடக்கிறது. கைப்பிரேக் அன்று ஏன் அப்படி வழுக்கியது என்பது அப்போது புரிந்தது.

4,800 வெள்ளிக்கு இரண்டு டிஸ்க்கும் ஒரு டப்பா பெயின்ட்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பொருள்களைத் திரும்பக் கேளுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டர் கைக்கு வராவிட்டால் புதியது மாட்டப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஃபரன்ஷியல் மாற்றினேன் என்று யார் சொன்னாலும் மீதிப் பணம் கொடுக்கும் முன் அந்த சாக்பீஸ் சோதனையைப் பட்டறையிலேயே செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. டிஸ்க் போட்டால் அந்த வால்வை எடுத்தாயா என்று கேளுங்கள், முழிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ரசீதில் ஒவ்வொரு பொருளும் தனி வரியாக இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் நீங்களே கேளுங்கள், பட்டறைக்காரர் வாய்வார்த்தை போதாது. கையில் காசு குறைவென்றால் பழைய டிரம்மையே முழுதாகச் சரிசெய்யுங்கள். புது வீல் சிலிண்டர், புது ஹோஸ், புது எண்ணெய். அரைகுறை டிஸ்க்கைவிட அது நன்றாக நிற்கும்.

வாட்ஸ்அப் செய்திகள், பேநௌ விவரம், அங்கிள் எடுத்துக் கொடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்துச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதியப் போகிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். இதே மாதிரி மேல்மாடிப் பட்டறையில் முன்பணம் கொடுத்துவிட்டு வண்டிக்காகக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே நேரில் போய் வண்டியைப் பாருங்கள். மேலே தூக்கி வைத்திருக்கிறோம் என்று சொன்னாலும் போங்கள்.