போர்ட்டின் அளவைக் காட்ட: போனில் படமா, சுவரில் கடதாசியா?

ஹட்டனில் கடைக்கு போர்ட் (பெயர்ப்பலகை) செய்விக்க வரும் வாடிக்கையாளரிடம் "6 அடிக்கு 3 அடி" என்றால் தலையாட்டுவார். அளவு மனதில் பதியாது. கடை முகப்பைப் படமெடுத்து, இரண்டு மூன்று அளவுகளைப் பொருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். செலவில்லை, நிறமும் தெரியும். ஆனால் படத்தில் அளந்த கதவோ யன்னலோ இல்லாவிட்டால் அளவு பிழைத்துவிடும்.

எனக்குப் பிடித்தது மற்றதுதான். உண்மையான அளவிலேயே கடதாசி வெட்டி, எழுத்தையும் எழுதி, சுவரில் ஒட்டிவிட்டு, வாடிக்கையாளரை வீதியின் எதிர்ப்பக்கம் கூட்டிப்போக வேண்டும். வசதியாக வாசிக்க 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது பொதுக் கணக்கு. 60 அடிக்கு 6 அங்குலம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் வரும்போது இடம் எப்படி நெருங்கிப்போகிறது என்பது அங்கே நின்றால்தான் விளங்கும். பனிமூட்டத்தில் பார்த்தால் இன்னும் நல்லது. மழை நாளென்றால், சரி, போன் படமே போதும்.