பாமிர் மலைப்பாதைக்கு எந்த வண்டி: 249 கிலோவா, 166 கிலோவா?

தஜிகிஸ்தானின் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் மலைதான். அதன் கிழக்குப் பகுதியைக் குறுக்கே கடந்து கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் வரை போகும் எம்41 சாலையைத்தான் பாமிர் ஹைவே என்கிறோம். இதற்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் விசா, கோர்னோ-பதக்ஷான் பகுதிக்கான தனி பெர்மிட், ஜாக்கெட், மாத்திரை என்று பட்டியலை நீட்டுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியது வண்டியின் எடையை. எந்த வழியில் போவது, எவ்வளவு சாமான் எடுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

இரண்டு துருவங்களை எடுத்துக்கொள்வோம். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ், 249 கிலோ. சுசுகி டிஆர்650, 166 கிலோ.

எஞ்சின் பலத்தில் பெரியதை அசைக்க முடியாது. பாதையின் உச்சியான அக்-பைதல் கணவாய் 4,655 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்கூடத் தேறாது. எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்கும். ஜிஎஸ்ஸின் 136 குதிரைத்திறனில் பாதி போனாலும் பின்னால் ஆள் உட்கார்ந்து ஏறலாம். டிஆரில் கார்புரேட்டர், மேலே போகப் போக, குறையும் காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகி வண்டி திணறும். ஆனால் தனி ஆள், குறைந்த சாமான் என்றால் முதல் இரண்டு கியர்களில் அதுவும் ஏறிவிடும். பெட்ரோலின் தரத்தைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். கிழக்குப் பாமிரில் உள்ள முர்காப் ஊர்ப் பக்கம் ஜாடியிலிருந்து புனல் வைத்து ஊற்றும் பெட்ரோலுக்கு ஆக்டேன் எண்ணை யாரும் உறுதி சொல்ல முடியாது. கம்ப்ரஷன் குறைந்த டிஆர் அதை முணுமுணுக்காமல் குடிக்கும். துணி வைத்து வடிகட்டி ஊற்றுங்கள், எந்த வண்டியானாலும்.

கோர்னோ-பதக்ஷானின் தலைநகரான கோரோக்கிலிருந்து முர்காப் வரை எம்41-இல் சுமார் 310 கிலோமீட்டர். ஜிஎஸ்ஸின் 20 லிட்டர் டேங்க் தாங்கும். டிஆரின் 13 லிட்டர் தாங்காது. 5 லிட்டர் கேன் ஒன்று கட்டாயம்.

இதுவரை பெரிய வண்டி முன்னணியில் இருப்பதுபோல் தெரியும். எம்41-ஐ விட்டு வாகான் பள்ளத்தாக்குக்குள் திரும்பினால் கணக்கு மாறிவிடும். இஷ்காஷிம், லங்கர் வழியாக பஞ்ச் ஆற்றை ஒட்டிப் போகையில் அக்கரையில் ஆப்கானிஸ்தான் கிராமங்கள் தெரியும். இந்தப் பயணத்தின் உயிரே அந்த வழிதான் என்பேன். லங்கருக்கு மேலே கார்குஷ் கணவாய், 4,344 மீட்டர். தார் கிடையாது. சரளை, இடையிடையே மணல், வரிவரியான மேடுபள்ளம். இங்கே வண்டி சாயும். எத்தனை திறமைசாலிக்கும் சாயும். ஹாண்டில்பாரை முழுக்கத் திருப்பி, இருக்கைக்கு முதுகைக் கொடுத்து, காலை மணலில் ஊன்றித் தள்ள வேண்டும். கால் ஊன்றிய இடத்தில் மணல் வழுக்கும். அந்த உயரத்தில் ஒருமுறை முக்கினாலே மூச்சு வாங்க நின்றாக வேண்டும். 166 கிலோவைத் தனியாளாகத் தூக்கிவிடலாம். பெட்டிகளோடு 300 கிலோவை நெருங்கும் ஜிஎஸ்ஸைத் தூக்க, அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க நேரலாம்.

பெட்டி என்றதும் இன்னொன்று. அலுமினியப் பெட்டி பூட்டு உள்ளது, ஹோம்ஸ்டேயில் நிம்மதி. ஆனால் மணலில் காலை ஊன்றும்போது பெட்டி கணுக்காலின் மேல் விழுந்தால் எலும்பு முறியும். வரிப்பாதையின் நடுக்கத்தில் அதைத் தாங்கும் கம்பிச்சட்டமும் வெல்டிங் விட்டுப்போகும். துணிப்பைகள் கிழிந்தால் ஊசிநூல் போதும். எந்த வண்டியானாலும் துணிப்பை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

பஞ்சரில் மட்டும் ஜிஎஸ்ஸுக்கு ஆறுதல்: ஸ்போக் சக்கரமானாலும் டியூப்லெஸ், பிளக் செருகிக் காற்றடித்தால் ஆயிற்று. டிஆருக்குச் சக்கரத்தைக் கழற்றி டயர் லீவர் போட வேண்டும். ஊரிலேயே அதைச் செய்து பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

நம்மவர்கள் உடனே கேட்பது ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450. 196 கிலோ, 17 லிட்டர் டேங்க், ஃப்யூயல் இன்ஜெக்ஷன்: இரண்டுக்கும் நடுவில் நல்ல சமரசம். சிக்கல் அதை அங்கே கொண்டுபோவதில். இந்தியப் பதிவெண்ணோடு பாகிஸ்தான் வழியாகப் போவது இன்றைக்கு நடக்கிற காரியமில்லை. கப்பலிலோ விமானத்திலோ அனுப்பும் செலவு, அங்கே வாடகைக்கு எடுக்கும் செலவை மிஞ்சிவிடும். ஓஷில் வாடகைக்கு எடுத்து, எல்லை கடக்க உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தையும் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தனியாகப் போகிறவருக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் சின்ன வண்டி. கணவன் மனைவியாக ஒரே வண்டியில் போகிறீர்கள் என்றால் ஜிஎஸ் எடுங்கள், கார்குஷை விட்டுவிடுங்கள். இஷ்காஷிமைத் தாண்டிப் போய் யாம்சுன் கோட்டையைப் பார்த்துவிட்டு, கோரோக்குக்கே திரும்பி எம்41-ஐப் பிடிக்கலாம்.