எச்லின்ட், கிபிட், கொண்டோ: தனியாகப் படிப்பவருக்கு எது?

ஹட்டன் டவுனில் ஞாயிற்றுக்கிழமைகளில், ஏ.எல். முடித்த சில பிள்ளைகளுக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங், அதாவது சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோத்து எழுதும் முறை, சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் பைதானில் தொடங்கியவர்கள். அதனால் எந்த மொழியைக் கொடுத்தாலும் கை முதலில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப்புக்குத்தான் போகும். ஒரு நாள்தான் நான் பக்கத்தில் இருப்பேன். மற்ற ஆறு நாளும் தோட்டத்து லயத்தில் தனியாக எழுதுகிறார்கள். "விடை சரி, ஆனால் இந்த மொழியில் இதை இப்படி எழுதமாட்டார்கள்" என்று அப்போது யார் சொல்வது? அதற்காகத்தான், எழுதியதை வாசித்துத் திருத்தம் சொல்லும் மூன்று கருவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்: ஹாஸ்கெல் மொழிக்கு எச்லின்ட், க்ளோஜர் மொழிக்குக் கிபிட்டும் கொண்டோவும்.

ஒரு பிள்ளை, அம்மா பறித்த கொழுந்தின் நிறுவைக் கணக்கைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு நிறுவையிலும் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று 2 கிலோ கழிக்கிறார்கள். கையில் கிடைப்பது எவ்வளவு என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஹாஸ்கெலில் இப்படி எழுதியிருந்தாள்: பட்டியல் காலியென்றால் காலிப் பட்டியல், இல்லையென்றால் முதல் எண்ணில் இரண்டைக் கழித்து முன்னால் வை, மிச்சத்துக்கு இதே ஃபங்ஷனைத் திரும்பக் கூப்பிடு.

நீல் மிட்செல் உருவாக்கிய எச்லின்ட்டை ஓட்டியதும், "மேப் பயன்படுத்து" என்றது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே ஃபங்ஷனைப் போட்டுத் தருவதுதான் மேப். மேலே அவள் எழுதியது, கீழே அதையே மேப்பால் எழுதிய ஒரே வரி. கூட்டுத்தொகைக்கும் அவள் அதே மாதிரித்தான் எழுதியிருந்தாள். அதற்கு, பட்டியல் முழுவதையும் ஒரே விடையாகச் சேர்த்துத் தரும் ஃபோல்ட்ஆர் என்றது. மாற்றிவிட்டு இன்னொரு தரம் ஓட்டினால், பூச்சியத்திலிருந்து கூட்டும் ஃபோல்ட்ஆருக்கு சம் என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே என்றது. படிப்படியாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. எனக்கு இதில் உண்மையாகவே சந்தோஷம்.

"அண்ணே, ரெண்டும் ஒரே விடைதானே?" என்று கேட்டாள். விடை ஒன்றுதான். ஆனால் மேப் என்ற சொல்லைப் பார்த்த உடனே, ஆறு நிறுவை உள்ளே போனால் ஆறுதான் வெளியே வரும் என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். திரும்பக் கூப்பிடும் ஃபங்ஷனில் ஒன்று விடுபட்டிருக்கிறதா என்று எல்லா வரியையும் வாசித்துத்தான் அறிய வேண்டும். நிறுவைக் கணக்கில் ஒன்று விடுபட்டால் அது ஒருவரின் உழைப்பு.

அப்புறம் க்ளோஜர். அதே கணக்கை, அந்த மொழியில் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப், ரிக்கர் போட்டு எழுதிக் கிபிட்டிடம் கொடுத்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. கிபிட், கோர்.லாஜிக் என்ற க்ளோஜர் லைப்ரரியை வைத்து, தெரிந்த சின்னச் சின்ன வடிவங்களை எழுதிய கோடில் (code) தேடுகிறது. இஃப்புக்குள் நாட் இருந்தால் இஃப்-நாட் என்னும். எல்ஸ் இடத்தில் நில் (எதுவும் இல்லை) மட்டும் இருந்தால் வென் போடச் சொல்லும். ஒன்றைக் கூட்டினால் இங்க் என்னும். வாக்கியத்துக்குள் சொல்லைத் திருத்துமே தவிர, பத்தியைத் திருத்தாது. சொல் திருத்தமும் தேவைதான். ஒரு மாதம் ஓட்டியதில் பிள்ளைகளுக்கு வென் தானாகவே வந்துவிட்டது. ஆனால் பைதான் பழக்கம் ஒளிந்திருப்பது அந்த லூப்பில்தான், அங்கே கிபிட் கைகொடுக்கவில்லை.

கொண்டோவின் (முழுப் பெயர் சிஎல்ஜே-கொண்டோ) வேலையே வேறு. ஃபங்ஷனுக்கு உள்ளே கொடுக்கும் மதிப்புகள், அதாவது ஆர்கியுமென்ட், கூடக்குறைய இருக்கிறதா, பெயர் வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டதா, எல்ஸ் இல்லாத இஃப்பா என்று கோடை ஓட்டாமலே பார்த்துச் சொல்லும். க்ளோஜர் வழக்கமாக ஜாவா மேல்தான் ஓடும். கொண்டோவோ, கிரால்விஎம் என்ற கருவியால் நேரடியாக ஓடும்படி கட்டிய ஒரே ஃபைலாகக் கிடைப்பதால், ஜாவா எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் இருப்பது பழைய லேப்டாப். கிபிட்டை, க்ளோஜர் வேலைகளை ஓட்டும் லைனிங்கன் என்ற கருவி வழியாக ஓட்டும்போது அந்தக் காத்திருப்பு நன்றாகவே தெரிந்தது. காத்திருக்க வைக்கும் கருவியை யாரும் தினமும் ஓட்டமாட்டார்கள். மூன்றையும் ஒரு தரம் இறக்கிவிட்டால் போதும், மழைக்கு சிக்னல் போனாலும் வேலை நிற்காது.

எச்லின்ட்டிலும் குறை உண்டு. அது டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) பார்ப்பதில்லை. ஃபங்ஷனை எழுதும் வரியில் சமக்குறியின் இரு பக்கமும் கடைசியாக வரும் ஆர்கியுமென்ட்டை நீக்கச் சொல்லும் யோசனையை ஏற்றால், சில இடங்களில் கம்பைல் ஆகாமல் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கம்பைல் பண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வேண்டாத யோசனையை டாட் எச்லின்ட் டாட் யாமல் (.hlint.yaml) என்ற அமைப்பு ஃபைலில் அடக்கலாம், சொந்த விதியும் சேர்க்கலாம்.

க்ளோஜரில்தான் வேலை என்றால் கொண்டோவை எடிட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கிபிட்டை வாரம் ஒரு தரம் ஓட்டுங்கள், லூப்பை மட்டும் ஒரு ஆளிடம் காட்டுங்கள். மொழியை இனிமேல்தான் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள், சொல்லித்தர பக்கத்தில் ஆளும் இல்லை என்றால், எச்லின்ட்டுக்காகவே ஹாஸ்கெலில் தொடங்கலாம் என்பேன். புது வருஷத்துப் பிள்ளைகளுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.