ஐபி எண் போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் திறக்கவில்லையா? ஸ்விட்ச் வாங்காதீர்கள்

ஒரு அலுவலகம் சர்வீஸ்காரரிடம் சொன்ன குறை இவ்வளவுதான்: "சர்வர் பெயரை அடித்தால் ஷேர் ஃபோல்டர் திறப்பதில்லை, ஐபி எண்ணை அடித்தால் திறக்கிறது. சில கம்ப்யூட்டர்களில் மட்டும், அதுவும் சில நாள் மட்டும்."

அதற்கு வந்த பில்: 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று. கேட் 6 கேபிள் ஒரு பெட்டி, 305 மீட்டர். ஆறு கம்ப்யூட்டர்களுக்கு ஃபார்மட். "சிக்னல் சீராக" ஒரு வைஃபை ரூட்டர். கடைசியில் "நெட்வொர்க் ட்யூனிங்" என்று ஒரு வரி. பணம் கட்டிப் பத்து நாளில் அதே குறை திரும்பியது. அதுவரை ஒழுங்காக இருந்த கம்ப்யூட்டர்களுக்கும் பரவியது.

இதே பில் வேறு அலுவலகங்களுக்கும் போகும் என்பதால் வரி வரியாகப் பார்த்துவிடுவோம்.

ஸ்விட்சும் கேபிளும் முதலில். ஐபி எண் போட்டு ஃபோல்டர் திறந்து ஃபைல் முழுதாக இறங்குகிறது என்றால், கம்பி, போர்ட், நெட்வொர்க் கார்டு, சர்வர் எல்லாம் வேலை செய்கின்றன என்று அதற்குள்ளேயே நிரூபணமாகிவிட்டது. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் இடம் மட்டும்தான் பாக்கி. டைரக்டரியில் நம்பர் தப்பாக இருந்தால் டெலிபோன் கம்பியை யாராவது மாற்றுவார்களா? கழற்றிய பழைய ஸ்விட்சை "எக்ஸ்சேஞ்சில் கழித்துவிட்டோம்" என்று எடுத்தும் போனார்கள். கழற்றிய எந்தச் சாமானையும், குறை தீர்ந்தது என்று நீங்கள் கையெழுத்துப் போடும் வரை வெளியே விடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். டொமைனில் (எல்லா லாகினையும் ஒரு சர்வரே நிர்வகிக்கும் அமைப்பில்) சேர்ந்த கம்ப்யூட்டர்களில், பெயர் போட்டுப் போனால் கெர்பரோஸ் முறையில் அடையாளச் சோதனை நடக்கும். எண் போட்டுப் போனால் பெரும்பாலும் என்டிஎல்எம் என்ற பழைய முறை. கெர்பரோஸுக்குக் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே ஒத்துக்கொள்ளாது. அப்போது பெயர் சரியான எண்ணாகவே மாறியிருந்தும் உள்ளே விடாது. ஆனால் அங்கே வருவது லாகின் பற்றிய செய்தி, பாதை கிடைக்கவில்லை என்ற செய்தி அல்ல. அதற்கும் மருந்து கடிகாரத்தைத் திருத்துவதுதான், ஸ்விட்ச் அல்ல.

வந்தவர் முதல் ஐந்து நிமிடத்தில் செய்திருக்க வேண்டியது இது. சரியாக இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிலும் தகராறு செய்யும் ஒன்றிலும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பார்க்க வேண்டியது மூன்று வரி: டிஹெச்சிபி சர்வர் (கம்ப்யூட்டருக்கு ஐபி எண் வழங்குவது) யார், டிஎன்எஸ் சர்வர்கள் (பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்பவை) எவை, டிஎன்எஸ் சஃபிக்ஸ் (பெயருக்குப் பின்னால் ஒட்டும் அலுவலக டொமைன் பெயர்) என்ன. இந்த அலுவலகத்தில் தகராறு செய்த ஆறிலும் டிஎன்எஸ் வரியில் முதலாவது அலுவலகத்தின் உள் சர்வர், இரண்டாவது 8.8.8.8, அதாவது கூகுளின் பொது டிஎன்எஸ். நன்றாக இருந்தவற்றில் உள் சர்வர் மட்டும். குறையே அதுதான்.

இந்த இரண்டாவது எண்ணைப் பற்றித் தொழிலில் இருப்பவர்களுக்கே ஒரு தப்பான நம்பிக்கை உண்டு: முதல் சர்வருக்குத் தெரியாவிட்டால் இரண்டாவதிடம் கேட்கும் என்று. அப்படி இல்லை. "அந்தப் பெயர் இல்லை" என்பதும் ஒரு பதில்தான். பதில் வந்துவிட்டால் தேடல் அங்கே முடிந்தது. முதல் சர்வர் பதிலே சொல்லாமல் இருந்தால்தான் அடுத்தவரிடம் போகும். சர்வர் ரீஸ்டார்ட் ஆகிற நேரம், பேக்கப் ஓடி மூச்சுத்திணறுகிற நேரம், விண்டோஸ் 8.8.8.8-க்குத் தாவும். பொது டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் உள் சர்வரின் பெயர் எப்படித் தெரியும்? "இல்லை" என்று கறாராகச் சொல்லும். முதல் சர்வர் எழுந்த பிறகும் விண்டோஸ் கொஞ்ச நேரம் இரண்டாவதோடே ஒட்டிக்கொண்டிருக்கும். "சில நாள் மட்டும்" என்ற மர்மம் இங்கிருந்துதான் வருகிறது.

ஃபார்மட் செய்ததும் சரியானது போலத் தெரிந்ததற்கும் இதே காரணம். ரீஸ்டார்ட் ஆனால் மறுபடி முதல் சர்வரிலிருந்து ஆரம்பிக்கும், பழைய கேஷும் (நினைவில் வைத்திருந்த பதில்களும்) போய்விடும். அதே பலன் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் என்ற ஒரு கட்டளையிலும் ஒரு ரீஸ்டார்ட்டிலும் கிடைத்திருக்கும். ஆறு பேரின் டெஸ்க்டாப் ஃபைல்களும் தப்பியிருக்கும்.

உறுதி செய்யும் சோதனை: என்எஸ்லுக்அப் என்று அடித்து, இடம் விட்டுச் சர்வர் பெயரை டிஎன்எஸ் சஃபிக்ஸோடு முழுதாக, மறுபடி இடம் விட்டு உள் டிஎன்எஸ் சர்வரின் ஐபி எண்ணைக் கொடுங்கள். அடுத்து அதே வரியில் கடைசி எண்ணை மட்டும் 8.8.8.8 என்று மாற்றிக் கொடுங்கள். முதலாவதில் எண் வந்து, இரண்டாவதில் அப்படி ஒரு டொமைனே இல்லை என்று வந்தால் விசாரணை முடிந்தது. பிங் செய்து பார்த்துவிட்டு "டிஎன்எஸ் ஓகே" என்று சொல்பவரை நம்பாதீர்கள். பிங், ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் (கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் பெயர்-எண் பட்டியலை) பார்க்கும், கேஷைப் பார்க்கும், எதுவும் கிடைக்காவிட்டால் எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் வழியாக நெட்வொர்க் முழுக்கக் கூவியும் கேட்கும். என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் மட்டும் கேட்கும். இரண்டின் பதிலும் வேறு வேறாக இருந்தால் அந்த வித்தியாசமே துப்பு.

"நெட்வொர்க் ட்யூனிங்" என்ன என்று தோண்டினால், ஆறு கம்ப்யூட்டர்களின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் சர்வர் எண்ணையும் பெயரையும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். ஃபைல் இருக்குமிடம் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி. இது குறையைத் தீர்ப்பதில்லை, மூடி வைக்கிறது. சர்வரின் எண் மாறும் நாளில் அந்த ஆறு மட்டும் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். என்எஸ்லுக்அப் சரியான எண்ணைக் காட்டும், பிங் தப்பான எண்ணுக்குப் போகும். தெரியாதவர் கையில் சிக்கினால் அது இன்னொரு பில். நோட்பேடை அட்மினாகத் திறந்து, ஹாஷ் குறி இல்லாத அந்த வரியை அழித்து, .டிஎக்ஸ்டி வால் ஒட்டாமல் சேமித்தால் போதும்.

கெடுதலை உண்மையில் பெரிதாக்கியது அந்த வைஃபை ரூட்டர். அதன் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் செருகி, அதன் டிஹெச்சிபியை அணைக்காமல் விட்டிருந்தார்கள். ஒரே நெட்வொர்க்கில் முகவரி வழங்க இரண்டு பேர். யார் முந்துகிறார்களோ அவர் கொடுத்தது செல்லும். ரூட்டரிடம் வாங்கிய கம்ப்யூட்டருக்கு டிஎன்எஸ் சர்வராக ரூட்டரே வந்து நிற்கும். ரூட்டரில் இன்டர்நெட் இணைப்பு இருந்தால் இன்டர்நெட் ஓடும், ஆனால் உள் பெயர் ஒன்றும் தெரியாது. விளைவு பத்து நாள் தள்ளித் தெரிந்ததிலும் அதிசயமில்லை. வாங்கிய முகவரியின் தவணை முடியும்வரை பல கம்ப்யூட்டர்கள் பழையதையே வைத்திருக்கும். விண்டோஸ் சர்வரில் மாற்றாமல் விட்டால் அந்தத் தவணை 8 நாள். ஐபிகான்ஃபிக் /ஆல் காட்டும் டிஹெச்சிபி சர்வர் வரியில் ரூட்டரின் எண் இருந்தால் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி.

ரூட்டரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் அதன் டிஹெச்சிபியை அணைத்து, அலுவலக வரிசையிலேயே, ஆனால் டிஹெச்சிபி பங்கிடும் எண்களுக்கு வெளியே, ஒரு எண்ணைக் கொடுத்து, லேன் போர்ட்டில் மாட்டி, வான் போர்ட்டை (இன்டர்நெட் கம்பி மாட்டும் போர்ட்டை) காலியாக விடுங்கள். வான் போர்ட்டில் மாட்டினால் வைஃபையில் இருப்பவர்கள் முகவரியை மாற்றிக் காட்டும் ஒரு நேட் சுவருக்குப் பின்னால் போய்விடுவார்கள். கூவிக் கேட்கும் எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் கேள்விகள் அதைத் தாண்டாது.

மொத்தத் திருத்தத்துக்கு எந்தச் சாமானும் தேவைப்படவில்லை. டிஹெச்சிபி சர்வரின் ஆப்ஷன் 6-இல் (வழங்கும் டிஎன்எஸ் எண்களைக் குறிக்கும் இடத்தில்) 8.8.8.8 இருந்தால் நீக்க வேண்டும். பொது டிஎன்எஸ் எண்ணுக்கு உரிய இடம் உள் டிஎன்எஸ் சர்வரின் ஃபார்வர்டர் பட்டியல் (தனக்குத் தெரியாத பெயரை அது யாரிடம் கேட்பது என்ற பட்டியல்), அங்கே போடலாம். யாராவது கையால் டிஎன்எஸ் எண் அடித்து வைத்த கம்ப்யூட்டர்கள் இருந்தால் தானியங்கிக்கு மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் /ரிலீஸ், /ரினியூ, /ஃப்ளஷ்டிஎன்எஸ். ஒரே உள் சர்வர் இருந்தால் அது படுக்கும்போது இன்டர்நெட்டும் படுக்கும் என்பது உண்மைதான். அந்தப் பயத்தில்தான் பலர் 8.8.8.8 போடுகிறார்கள். அதற்கு வழி இன்னொரு உள் டிஎன்எஸ் சர்வர். வெளியாளை வரிசையில் நிறுத்துவது வழியல்ல.

ஃபார்மட் செய்த ஆறையும் இன்னொரு முறை பாருங்கள். ஒரே இமேஜை (நிறுவி முடித்த விண்டோஸின் நகலை) எல்லாவற்றிலும் கொட்டிவிட்டுப் பெயர் மாற்ற மறந்திருக்கலாம். மாற்றியிருந்தாலும் நெட்பயாஸ் பெயரில் முதல் 15 எழுத்துதான் கணக்கு. நீளமான பெயர் வைத்துக் கடைசியில் 1, 2, 3 என்று எண் போட்டால் எல்லாம் ஒரே பெயராகி மோதும்.

நெட்வொர்க் ஜன்னலில் கம்ப்யூட்டர்கள் வரிசையாகத் தெரியவில்லை என்று சொன்னதும் ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்துவிட்டுக் காசு கேட்பவர்களும் உண்டு. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அதைச் சேர்க்காமல் விட ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியதே எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். ஜன்னலில் தெரிவதும் பெயர் எண்ணாக மாறுவதும் வேறு வேறு வேலைகள். தெரியத்தான் வேண்டுமென்றால் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சர்வீஸை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.

உள் வெப்சைட் மட்டும் பிரவுசரில் திறக்காமல், பிங் சரியாக இருந்தால், பிரவுசரின் செட்டிங்கில் பாதுகாப்பான டிஎன்எஸ் ஆனாகி இருக்கிறதா என்று பாருங்கள். அது அலுவலக டிஎன்எஸ்ஸைத் தாண்டி வெளியே போய்க் கேட்கும்.

கடைசியாக, சர்வீஸ்காரர் விட்டுப்போனவை. ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களில் ரிமோட் ஆப், யாரும் ஒப்புதல் தராமலே உள்ளே வரும்படி வைக்கப்பட்டிருந்தது. டிஎன்எஸ் செட்டிங் யார் கையில் இருக்கிறதோ, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதும் அவர் கையில்தான். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் இந்த ஒரு செட்டிங்கை மாற்றியே லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் திசை திருப்பியது. அந்தக் கும்பலை 2011 நவம்பரில் பிடித்தார்கள். எனவே ரூட்டரின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள், அதன் வான் பக்கத்திலும் டிஹெச்சிபி பக்கத்திலும் உள்ள டிஎன்எஸ் எண்கள் நீங்கள் அறிந்தவையா என்று பாருங்கள், ரிமோட் ஆப்பை நீக்குங்கள். பாஸ்வேர்டைத் தர மறுத்தால் ரீசெட் பொத்தானை அழுத்துவதற்கு முன் இன்டர்நெட் இணைப்பின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். அந்த ரூட்டரில் பதிந்திருந்தால், அழுத்தும்போது அவையும் அழிந்துவிடும்.