முள்ளா, மீட்டரா, சட்டியா: பழைய காரின் டெம்பரேச்சர் சென்சாரைச் சோதிக்கும் வழிகள்

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500-இன் டெம்பரேச்சர் மீட்டரில் எண்கள் கிடையாது. ஒரு முனையில் சி (குளிர்), மறுமுனையில் எச் (சூடு), இடையில் முள். முள் முக்கால் தூரம் ஏறி நின்றால் அது 85 டிகிரியா, 105 டிகிரியா என்று வண்டி சொல்லாது. போன வருடம் என் வண்டியில் அப்படித்தான் நின்றது. அதற்கு இரண்டு வாரம் முன்பு அதே முள் சியிலேயே படுத்துக் கிடந்ததால் புது சென்சார் வாங்கிப் போட்டிருந்தேன். போட்டதும் முள் எழுந்தது, கொஞ்சம் அதிகமாகவே. பார்த்தவர்கள் எல்லாம் ரேடியேட்டரைக் கைகாட்டினார்கள்.

இந்த வண்டியில் சென்சார் தண்ணீர் பம்ப் ஹவுசிங்கில், தெர்மோஸ்டாட் பக்கத்தில் இருக்கிறது. ஒரே வயர், பச்சையில் நீலக் கோடு. எர்த் பித்தளை உடம்பு வழியாகவே போகிறது. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் தெர்மிஸ்டரின் மின்தடை குறையும், மீட்டருக்குள் கரண்ட் கூடும், அங்குள்ள இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். (சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் செய்த ஹெரால்டு இதற்கு அண்ணன் முறை. ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் வந்தது.)

மிக எளிய சோதனை, வயரைக் கழற்றி எர்த்தில் தொடுவது. இக்னிஷன் போட்டு வயரை அந்தரத்தில் விட்டால் முள் சியில் இருக்க வேண்டும், என்ஜினில் தொட்டால் மெதுவாக எச் பக்கம் நகர வேண்டும். நகர ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள், அதிக நேரம் பிடித்தால் மீட்டருக்கு நல்லதல்ல. இரண்டு நிமிட வேலை, செலவே இல்லை. ஆனால் இதில் தேறுவது வயரும் மீட்டரும்தான், சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் சென்சாரை விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவான 10 வோல்ட் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அது விட்டுவிட்டுத் துடிப்பது. டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்து அளந்தால் எண்கள் குதிக்கும், பயப்பட வேண்டாம்.

தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி கையில் பிடிக்க ஜோராக இருக்கிறது. பளபளப்பான அலுமினியத்தில் குறி வைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஹவுசிங்கில் மேட் கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்து அதைக் குறி வைத்தால் பரவாயில்லை. அப்போதும் அளப்பது உலோகத்தின் தோலைத்தான், உள்ளே ஓடும் தண்ணீரை அல்ல. நான் இதைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

சென்சாரையே விசாரிக்க வேண்டுமென்றால் சட்டிதான். என்ஜின் ஆறிய பிறகு கழற்றி, கம்பியில் கட்டி, டெர்மினல் நனையாமல், அடியில் படாமல் வெந்நீரில் தொங்கவிட வேண்டும். கூடவே ஒரு தெர்மாமீட்டர். வழக்கமாகச் சொல்வது, பித்தளையில் ஒரு முனை, டெர்மினலில் ஒரு முனை வைத்து ஓம் அளப்பது. சூடு ஏறும்போது மின்தடை நடுவில் தாவாமல் சீராக இறங்கினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. அதற்குமேல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 60 ஓம் என்றால் முள் எங்கே நிற்கும் என்று மீட்டரில் எழுதியா இருக்கிறது?

அதனால் நான் மல்டிமீட்டரை ஓரம் வைத்துவிட்டு, சென்சாரை வண்டியின் மீட்டரோடே சோதித்தேன். சிறு அடுப்பைக் காருக்குப் பக்கத்தில், பெட்ரோல் வாடை வராத தூரத்தில் வைத்தேன். பச்சை-நீல வயரை நீட்டி டெர்மினலுக்கு, இன்னொரு வயரைப் பித்தளையிலிருந்து என்ஜின் எர்த்துக்கு. இக்னிஷன் நீண்ட நேரம் போட்டிருந்தால், ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் சூடாகும் என்பதால், அதற்கு வரும் வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிட்டேன். இந்த மீட்டர் சோம்பேறி. ஒவ்வொரு சூட்டிலும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. ஆனால் மற்ற சோதனைகள் தராத ஒன்று கிடைத்தது: இந்த முள், இந்த இடத்தில் நின்றால், இத்தனை டிகிரி.

புது சென்சார் 85 டிகிரியிலேயே முள்ளை முக்காலுக்கு ஏற்றியது. குப்பையில் போடாமல் டப்பாவில் வைத்திருந்த பழையதை அதே தண்ணீரில் தொங்கவிட்டேன். முள் நடுவில் போய் அமைதியாக நின்றது.

அப்புறம்தான் வயர் முனையைத் திருப்பிப் பார்த்தேன். டெர்மினலில் மாட்டும் உலோக முனையான லக்குக்குள் பச்சைக் களிம்பு. ஆட்டினால் முள் விழுந்தது, அழுத்தினால் எழுந்தது. புது சென்சார் மாட்டும்போது நான் அழுத்தியதில்தான் அன்று முள் எழுந்திருக்க வேண்டும். புது லக் போட்டு, பழைய சென்சாரை முறுக்கி, பித்தளைக்கும் என்ஜினுக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தேன். அந்த மதியம் அதற்கு இருந்த ஒரே வேலை அதுதான்.